மாறியதை மட்டும் மாற்று!

குழந்தைகளே! கரும்பலகை நிறையக் கணக்கு எழுதியிருக்கிறோம். நடுவில் ஓர் எண் தப்பு. பலகை முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதுவோமா? அந்த ஓர் எண்ணை மட்டும்தானே திருத்துவோம்? கணினிக்கும் இந்தப் புத்தியைச் சொல்லிக் கொடுத்தார் ஒருவர்.

1970-களின் இறுதியில், யூனிக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்த பலரின் திரையில் படம் வராது. எழுத்துகள் மட்டுமே தெரியும். 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், மொத்தம் 1,920. தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு இணைந்த சில திரைகளுக்கு நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தான் வந்து சேரும். 1,920-ஐ 30-ஆல் வகுத்துப் பாருங்கள். திரை நிரம்ப 64 நொடிகள்! ஒவ்வொரு அடிக்கும் இப்படிக் காத்திருந்தால் விளையாட முடியுமா?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கென் அர்னால்டு என்பவர் 'கர்சஸ்' என்ற நிரல் தொகுப்பை எழுதினார். திரையில் இருப்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்து வரவேண்டியதோடு ஒப்பிடும். மாறிய எழுத்துகளை மட்டும் அனுப்பும்.

இதைப் பயன்படுத்தி, 1980 வாக்கில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் இருவரும் 'ரோக்' விளையாட்டை உருவாக்கினார்கள். மின்னஞ்சல் முகவரியில் வரும் '@' குறிதான் வீரன்! அரக்கர்களோ ஆங்கிலப் பெரிய எழுத்துகள். வீரன் ஓரடி நகர்ந்தால், பழைய இடத்தில் ஒரு புள்ளி, புதிய இடத்தில் '@'. அவ்வளவுதான், காத்திருக்க வேண்டியதில்லை.

கர்சஸ் வழிவந்த 'என்கர்சஸ்' லினக்ஸ் கணினிகளில் இன்றும் உழைக்கிறது.

கம்பி மெதுவானது என்று அவர்கள் சலித்துக்கொள்ளவில்லை. எதை அனுப்ப வேண்டாம் என்று யோசித்தார்கள். நீங்களும் கட்டம் போட்ட தாளில் எழுத்துகளாலேயே ஒரு கோட்டை கட்டி, உங்கள் வீரனை நடக்க விடுங்களேன்!