நுண்ணுயிருக்கும் ஒரு போர்வை
(வானொலி உரை)

"ரைசோபியம் பாக்கெட் வாங்கி விதையில் கலந்துதான் போட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியலையே சார்!" என்று பட்டாணி, பீன்ஸ் போடுகிறவர்கள் கேட்பது உண்டு. காரணம் என்ன?

பாக்கெட்டில் இருப்பது வெறும் கறுப்புப் பொடி அல்ல, உயிருள்ள பாக்டீரியா. வேரில் முடிச்சுக் கட்டி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குப் பிடித்துக் கொடுப்பது இதுதான். வெயில், வறட்சி, அமிலம் மூன்றும் இதற்குப் பகை. நம் நீலகிரி மண்ணோ, மழையில் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோன புளிப்பு மண். போர்வை இல்லாமல் அதில் இறங்கும் பாக்டீரியாவில் பெரும்பகுதி, வேர் விடும் முன்பே மடிந்துவிடும்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட ஒரு வழி, பாக்டீரியாவை உறைக்குள் அடைப்பது. கடற்பாசியில் கிடைக்கும் ஆல்ஜினேட் கரைசலில் பாக்டீரியாவைக் கலந்து, கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி மாதிரி மணிகள் திரளும். மண்ணில் மணி மெல்லச் சிதையச் சிதைய, உள்ளிருப்பவை சிறிது சிறிதாக வெளிவரும். யோவ் பஷான் என்ற ஆராய்ச்சியாளர் 1986-ல் இந்த முறையை விளக்கி எழுதினார். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், பயிர் வளர்க்கும் பாக்டீரியாவை மருந்து மாத்திரை போலக் கேப்சூலிலேயே அடைத்திருக்கிறது.

அது ஆய்வுக்கூட வேலை. வீட்டிலேயே நாம் செய்யக்கூடிய போர்வை ஒன்று உண்டு. ஆறிய, கெட்டியான அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் புரட்டுங்கள். ஈரம் காயும் முன்பே மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவி, விதை வெள்ளையாகும்வரை உருட்டுங்கள். நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதையுங்கள். சுட்ட சுண்ணாம்பு, நீற்றின சுண்ணாம்பு கூடவே கூடாது, பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

இன்னும் சில சொல்கிறேன். அந்தந்தப் பயிருக்கு உரிய ரைசோபியத்தையே கேட்டு வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். பாக்கெட்டை வெயிலிலோ அடுப்பு ஓரத்திலோ வைக்காதீர்கள். பூசண மருந்து கலப்பதானால் 24 மணி நேரம் முன்னதாகவே விதையில் கலந்துவிடுங்கள். யூரியாவுடன் சேர்க்காதீர்கள்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்? பூக்கும் சமயம் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. சிவப்பு முடிச்சு நிறைய இருக்கிற வயலுக்கு மேலுரமாக யூரியாவை அள்ளிப் போடத் தேவையில்லை. காசும் மிச்சம், சரிவில் வழிந்து ஓடையில் கலக்கும் உரமும் குறையும்.