குதிரைக்கு வேலி: கடைக்காரர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கிராமத்துக் கடை என்றால் மளிகையோடு ஆணி, கயிறு, கம்பி எல்லாம் ஒரே கூரையின் கீழ்தான். "ஒரு ஏக்கருக்கு முள்கம்பி வேண்டும்" என்று வாடிக்கையாளர் வந்து நின்றால், எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். வேலிக்குள் நிற்கப் போவது ஆடா, மாடா, குதிரையா என்று கேட்பதில்லை. அதை அவசியம் கேட்க வேண்டும்.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு, அங்கே குதிரைகளுக்கு லட்சக்கணக்கில் விலை பேசப்படுவது தெரியும். அப்படி வாங்கி வந்த குதிரை, தவறான வேலியால் ஒரே இரவில் முடமாகிவிடலாம்.

முள்கம்பி ஏன் ஆகாது?

அமெரிக்காவில் இல்லினாய் மாநில விவசாயி ஜோசப் கிளிடன் 1874-ல் காப்புரிமை பெற்ற முள்கம்பி, மாடுகளைத் தடுக்கப் பெருமளவில் பயன்பட்டது. முள் குத்தினால் மாடு பின்வாங்கும். குதிரையின் சுபாவம் வேறு. மிரண்டால் ஓடுவதே அதன் தற்காப்பு. ஓடுகிற வேகத்தில் மெல்லிய கம்பி அதன் கண்ணில் படாது. கால் சிக்கினால் நிற்காமல் இழுத்துத் திமிறும். முழங்காலுக்குக் கீழே அதற்குச் சதைப்பற்று இல்லை. தோல், தசைநாண், எலும்பு, அவ்வளவே. அங்கே வெட்டுப்பட்டால் ஆறுவது கடினம். டெட்டனஸ் நோயும் குதிரையை எளிதில் தாக்கும்.

எது ஏற்றது?

வேலி கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும். மோதினால் வெட்டக் கூடாது. மரச்சட்டம், சவுக்குக் கழி, இரும்புக் குழாய் ஆகியவை ஏற்றவை. உயரம் 4½ முதல் 5 அடி. கம்பங்கள் 8 அடிக்கு ஒன்று, மண்ணுக்குள் 2½ அடி ஆழம். சட்டங்களைக் கம்பத்தின் உட்புறமாக அடிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் குதிரை சாய்ந்தாலும் ஆணி பிடுங்கிக்கொண்டு வராது.

கம்பி வலை கேட்பவர்களுக்கு 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்ற சிறிய கண் உள்ளதைக் கொடுக்கலாம். பெரிய கண்ணில் குளம்பு நுழைந்து மாட்டிக்கொள்ளும். வலையின் மேல்விளிம்பில் ஒரு சட்டம் ஓடட்டும். மூலைகளை வளைவாக அமைப்பது நல்லது. கூர்மூலையில் ஒரு குதிரையை மற்றவை மடக்கி உதைக்கும். வண்டி நுழைய 12 அடி வாசல் வேண்டும்.

ஏற்கெனவே முள்கம்பி போட்டவர் அதை எல்லைக்காக விட்டுவைத்து, சில அடி உள்ளே தள்ளிச் சவுக்குக் கழியால் இன்னொரு வேலி போட்டுக்கொள்ளலாம்.

கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் கிளுவையை உயிர்வேலியாக வளர்ப்பது பழைய வழக்கம். குதிரை நிற்கும் இடத்தில் அரளியை மட்டும் வேலியாக வைக்கவே கூடாது. அதன் இலையைக் கொஞ்சம் தின்றாலே உயிர் போய்விடும். ஆமணக்கும் ஆகாது.

மின்வேலி கேட்டால், விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும் அதற்கென்ற கருவியைத்தான் பரிந்துரைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம், ஆளையும் கொல்லும். காட்டை ஒட்டிய நிலமென்றால் வனத்துறையிடம் முதலில் கேட்டறியச் சொல்லுங்கள்.

கணக்கு போடும் முறை

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. நிலம் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஏக்கர் 100 அடி அகலத்தில் நீண்டு கிடந்தால் சுமார் 1,071 அடி. வாசலைக் கழிக்காமல் பார்த்தால், முதல் நிலத்துக்கு 105 கம்பங்கள், இரண்டாவதற்கு 134. மூன்று வரிசைச் சட்டம் என்றால் முறையே 2,505 அடியும் 3,213 அடியும் தேவை. ஆகவே "எத்தனை ஏக்கர்?" என்பதோடு நிற்காமல் நீள அகலத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சரக்கு குறைந்து வாடிக்கையாளர் மறுபடி அலைய வேண்டியிருக்காது. மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுவரும் தகராறும் இருக்காது.

நான்கு கட்டு முள்கம்பியில் கிடைக்கும் லாபம் அன்றோடு சரி. குதிரையின் கால் கிழிந்தால், கம்பி எந்தக் கடையில் வாங்கியது என்ற பேச்சு ஊரில் பல வருடம் நிற்கும். இனி யாராவது வேலிக்குக் கம்பி கேட்டால், தராசைத் தொடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உள்ளே என்ன கட்டப் போகிறீர்கள்?"