ஜெலாப்பாங் இறக்கத்தில் ஒரு லாரி

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு வருகிறவர்களுக்குத் தெரியும்: மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டியதும் சாலை நீளமாக இறங்கும். அந்த இறக்கத்தின் அடியில் முன்பு ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காத கனரக வாகனங்கள் அங்கே வந்து மோதுவது தொடர்கதையானதும், 2009இல் சாவடியையே எடுத்துவிட்டார்கள்.

புந்தோங்கில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில், படிவம் நான்கின் ‘விசையும் இயக்கமும்’ பாடத்தை இந்த இறக்கத்திலிருந்துதான் தொடங்குவேன். ‘முப்பது டன் லாரி, குறைந்த கியரில், வேகம் கூடாமல் குறையாமல் இறங்குகிறது. அதன்மேல் நிகர விசை எவ்வளவு?’

“நிறைய, டீச்சர்!” என்பார்கள். விடை பூஜ்யம்.

“விசை இல்லாம எப்படி டீச்சர் வண்டி ஓடும்?” நியாயமான சந்தேகம்தான். அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் நினைத்தார். சாய்வுப் பலகையில் வெண்கலக் குண்டை உருட்டிப் பார்த்த கலிலியோ 1638இலும், இயக்கத்தை விதிகளாக வகுத்த நியூட்டன் 1687இலும் அது தவறென்று காட்டும் தங்கள் நூல்களை வெளியிட்டார்கள். இயக்கம் தொடர விசை வேண்டியதில்லை. இயக்கம் மாறத்தான் விசை வேண்டும்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். காண்டாக் கம்பில் இரண்டு வாளி ரப்பர் பாலைச் சுமந்து ஸ்டோருக்கு நடப்பவர் சட்டென்று நின்றால் பால் முன்பக்கம் தளும்பிக் கொட்டும். பாலை யாரும் தள்ளவில்லை. ஆள் நின்றார், பால் நிற்கவில்லை. இந்தக் குணத்துக்குப் பெயர் நிலைமம்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் டிக்கர் டைமர் கருவி, சிறு வண்டியோடு இணைத்த நாடாவில் நொடிக்கு 50 புள்ளி வைக்கும். பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, வண்டியை லேசாகத் தட்டிவிட்டால், ஒரு குறிப்பிட்ட சாய்வில் புள்ளிகள் சம இடைவெளியில் விழும். ஈர்ப்பு இழுப்பதும் உராய்வு தடுப்பதும் அங்கே சரிக்குச் சரி. நம் லாரியின் கதையும் இதுவே.

பிரேக் போய்விட்டால்? கணக்குக்காக, 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சாலை என்று வைப்போம். முப்பது டன் லாரியை இறக்கம் இழுக்கும் விசை ஏறக்குறைய 14,700 நியூட்டன். அதை 30,000 கிலோவால் வகுத்தால் முடுக்கம் 0.49. அதாவது வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு அரை மீட்டர் அளவு கூடும். பத்து டன் காலி லாரிக்கு விசை 4,900 நியூட்டன்தான். வகுத்தால் அதே 0.49.

லாரி ஓட்டுநரின் மகன் ஒருவன் விடவில்லை: “பாரம் ஏத்துனா வண்டிய புடிக்கிறது கஷ்டம்னு அப்பா சொல்வாரு.” அப்பா சொல்வது சரி. உராய்வையும் காற்றையும் ஒதுக்கினால் இரண்டும் ஒரே மாதிரி வேகமெடுக்கும். வித்தியாசம் பிடிப்பதில்தான். இரண்டு கிலோமீட்டரில் 100 மீட்டர் இறங்கும்போது, வேகம் கூடாமலிருக்க, பாரலாரி 2 கோடியே 94 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற வேண்டும். 30 பாகையிலுள்ள 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. அத்தனையும் பிரேக்கின் தலையில் விழுந்தால், சூடேறிப் பிடிப்பை இழக்கும். குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினும் அந்தச் சுமையில் பங்கு போட்டுக்கொள்ளும்.

அதற்கும் மீறி வண்டி ஓடிவிட்டால் உதவத்தான் மலைச்சாலைகளில் அவசரத் தடம். மேல்நோக்கி ஏறும் பாதை, உதிரிக் கற்கள். சக்கரம் புதையும், ஈர்ப்பு இப்போது பின்னுக்கு இழுக்கும். லாரி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைப்போம்; அது நொடிக்கு 25 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஓட்டுநர் சுவரில் மோதி 0.1 நொடியில் நின்றால் அவர்மேல் விழும் சராசரி விசை 15,000 நியூட்டன். கல்லில் 5 நொடி எடுத்து நின்றால் 300. உந்தத்தின், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கியதன், மாற்றம் இரண்டிலும் ஒன்றே, நேரம்தான் வேறு.

கடைசியாக ஒரு கேள்வி கேட்பேன்: ‘சாவடியை எடுத்ததால் லாரியின் உந்தம் குறைந்ததா?’ துளியும் இல்லை. மலையும் அதேதான், பாரமும் அதேதான். டோலுக்காக வரிசையில் நின்ற கார்கள்தான் இப்போது அங்கே இல்லை. பிரேக் இழந்த லாரிக்கு நிற்பதற்கு அதிக தூரம் கிடைக்கிறது, அதிக நேரமும் கிடைக்கிறது. அந்த நேரம் எந்தச் சமன்பாட்டில் எந்த இடத்தில் உட்காருகிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, பாடம் புரிந்துவிட்டது.