மணல் சொன்ன பாடம்

ஓடும் ஆற்றில் முழங்காலளவு நீரில் சற்று நேரம் அசையாமல் நின்று பார்த்தவர்கள், காலடி மணலை நீரோட்டம் மெல்ல அரித்துக்கொண்டு போவதையும், பாதம் தானே கணுக்கால்வரை புதைவதையும், புதைந்த கால் பின்னர் எளிதில் பெயராமல் ஊன்றி நிற்பதையும் உணர்ந்திருப்பார்கள். குழந்தைகளுக்கு விளையாட்டாகத் தோன்றும் இந்தச் சிறிய அனுபவத்தினுள்ளேதான் கல்லணையின் அஸ்திவார ரகசியம் அடங்கியிருக்கிறது.

கரிகால் சோழன் கட்டியதென்று பரம்பரையாகப் போற்றப்படும் அந்த அணை, தோண்டத் தோண்ட மணலேயன்றிப் பாறை தட்டுப்படாத காவிரிப் படுகையில், ஏறத்தாழ 1,080 அடி நீளத்துக்கு வளைந்து நெளிந்து கிடக்கிறது. அதைக் கட்டியவர்கள் பெரும் பாறைகளை ஆற்றில் இட்டார்கள். நீர் அடிமணலை அரிக்க அரிக்கப் பாறை கீழே இறங்கிற்று. அதன்மேல் களிமண்ணைப் பூசி இன்னொரு பாறையை வைத்து, இனி இறங்காது என்னும் நிலை வரும்வரை அடுக்கிக்கொண்டே போனார்கள். கட்டிடத்தைக் கவிழ்க்க வல்ல அரிப்பையே அதற்குக் கால் ஊன்றித் தரும் ஊழியனாக்கிக்கொண்ட அவர்களுக்கு, அந்த உபாயத்தை அந்த ஆறேதான் போதித்திருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துபோனதால் வெள்ளமெல்லாம் அந்தப் பக்கமே பாய, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சைக் கழனிகள் நீரின்றி வாடின. பரிகாரம் தேடி வந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், கல்லணையின் முன் மாணாக்கராகவே நின்றார். ஆழங்காணா மணலில் அஸ்திவாரமிடும் வித்தையை இந்நாட்டின் முன்னோர்களிடமே கற்றதாக, ஆளும் இனத்தவர் என்ற கர்வம் சிறிதுமின்றி, அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தின் பலனாக 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை வேலை தொடங்கியது. 1847-க்கும் 1852-க்கும் இடையே தவளேஸ்வரத்தில் கோதாவரிக்கும் ஓர் அணை எழுந்தது.

நூல்கள் தரும் ஞானத்தைக் குறைத்துச் சொல்வது என் கருத்தன்று. ஆயினும் ஓரிடத்தின் மண்ணையும் நீரையும் அறிய விரும்புகிறவன், அங்கே சென்று, பொறுமையாக நின்று, தனக்கு முன்பே அங்கு நின்றவர்கள் செய்துவைத்ததைப் பணிவோடு பார்க்க வேண்டும். அவ்விதம் பார்த்தவர்கள் வித்தையோடு அதன் பெயரையும் எடுத்துச் சென்றார்கள்: ஆங்கிலேயரின் அகராதியில் ‘அனிகட்’ என்று இன்றும் இருக்கும் சொல், நம் உழவர் வாயில் வழங்கும் அணைக்கட்டுதான்.