கல்கத்தா திரைப்படச் சங்கம்

கல்கத்தா திரைப்படச் சங்கம் என்பது சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா உள்ளிட்ட இளைஞர்கள் 1947-இல் கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) தொடங்கிய திரைப்பட ஆர்வலர் அமைப்பு ஆகும். நல்ல படங்களைத் திரையிட்டு, அவற்றைப் பற்றிக் கூடிப் பேசுவது இதன் நோக்கம். படம் எடுப்பவர்கள் நடத்திய சங்கம் அல்ல இது. படம் பார்ப்பவர்கள் நடத்தியது.

தொடக்கம்

அன்று நகரின் திரையரங்குகளில் இந்தியப் படங்களும் ஹாலிவுட் படங்களுமே பெரும்பாலும் ஓடின. சோவியத், பிரெஞ்சுப் படங்களைப் பார்க்கும் வாய்ப்பு அரிது. அக்குறையைப் போக்கவே சங்கம் உருவானது. ஐசன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' (1925) சங்கம் முதலில் திரையிட்ட படமாகும். ராய் அப்போது ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றி வந்தார்.

நாளிதழில் எழுந்த விவாதம்

1948-இல் 'தி ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில், இந்தியப் படங்களின் குறை என்ன என்று கேட்கும் கட்டுரையை ராய் எழுதினார். இந்தியப் படங்கள் அமெரிக்கப் படங்களின் மேற்பூச்சைப் பின்பற்றுகின்றன; நம்மைச் சுற்றியுள்ள வாழ்க்கையே திரைப்படத்தின் மூலப்பொருள் என்பது அவர் வாதம். சில ஆர்வலர்களுக்குள் நடந்துவந்த பேச்சு இவ்வாறு பொது வாசகர்களை எட்டியது.

1949-இல் 'தி ரிவர்' படத்துக்காக பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் கல்கத்தா வந்தார். அவருடன் பழகிய அனுபவத்தை ராய் 'சீக்வென்ஸ்' என்ற பிரித்தானியத் திரைப்பட இதழில் 1950-இல் எழுதினார்.

விளைவு

குறை சொல்வது எளிது, செய்து காட்டுவது கடினம் என்பது விமர்சகர்கள் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. ராய்க்கு அது பொருந்தவில்லை. கட்டுரை வெளிவந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1955-இல், அவருடைய முதல் படமான 'பதேர் பாஞ்சாலி' வெளியானது. சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர் பன்சி சந்திரகுப்தா அதன் கலை இயக்குநர். பெரும்பாலும் புதிய நடிகர்களையும் உண்மையான கிராமத்தையும் கொண்டு எடுக்கப்பட்ட அப்படம், 1956 கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணத்துக்கான விருதைப் பெற்றது.

பரவல்

1959-இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை முதலிய நகரங்களின் சங்கங்கள் அதில் இணைந்தன. ராய் அதன் முதல் தலைவரானார். திரைப்படத்தைப் பொழுதுபோக்காக மட்டுமன்றி, ஆராய்ந்து பேசத்தக்க கலையாகவும் பார்க்கும் பழக்கம் இந்திய நகரங்களில் பரவ இச்சங்கங்கள் துணைநின்றன.