பெங்குவின்களுக்கு வேண்டிய இருட்டு

மெல்போர்ன் நகரத்துச் செயின்ட் கில்டா கடற்பாலத்தைக் காணச் செல்லும் பிரயாணிகள், அதன் கோடியில் 1904-ஆம் ஆண்டு எழுந்த சிற்றுண்டி மண்டபத்தையும் சூரியாஸ்தமனத்தையும் உத்தேசித்தே செல்கிறார்கள் என்றாலும், அவர்கள் நெஞ்சை விட்டு அகலாமல் நிற்பவை அதற்கப்பால் நீண்டு கிடக்கும் கல்லணையில் குடியிருக்கும் பெங்குவின் பறவைகளே. 1956-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்துப் பாய்மரப் படகுகளுக்காக, அலையின் வேகத்தைத் தணிக்க மனிதர் கொட்டிய அந்தக் கற்குவியலின் இடுக்குகளை இப்பறவைகள் தாமாகவே வந்து இல்லமாக்கிக் கொண்டன. 1974-இல் முதன்முதலாகக் கண்ணில் பட்ட சிறு கூட்டம், பின்னர் ஏறத்தாழ 1,400 என மதிப்பிடும் அளவுக்கு விருத்தியடைந்தது.

ஓரடி உயரமும் ஒரு கிலோ எடையுமே உள்ள இந்த ஜீவன், பகல் முழுவதும் போர்ட் பிலிப் விரிகுடாவில் நெத்திலி போன்ற சிறு மீன்களைத் துரத்தித் தின்றுவிட்டு, பொழுது சாய்ந்த பின்னரே கரையேறும். நீர் சொட்டச் சொட்டக் கல்லின் மேல் தாவி, முதுகின் கருநீலம் இருளோடு கலந்துவிட வெண்ணிற வயிறு மட்டும் தெரிய, முன்சாய்ந்து தத்தித் தத்தி நடந்து பொந்தை நெருங்கியதும், அது எழுப்பும் கரகரத்த குரல் அந்தச் சிறு உருவத்துக்குச் சற்றும் பொருந்தாது. உள்ளிருந்து அதன் துணை மறுகுரல் கொடுக்கும்.

இந்தச் சமயத்தில்தான் கைபேசிகளின் வெளிச்சம் பளிச்சிடுகிறது. மங்கிய ஒளியில் பார்க்கப் பழகிய கண்கள் கூசிப்போக, பறவை திகைத்து நின்றுவிடும்; பொந்தில் குஞ்சுகள் பசியோடு காத்துக் கிடக்கும். காவல் புரியும் தொண்டர்கள் செந்நிற விளக்கு ஏந்தியது இந்தத் துன்பத்தைத் தவிர்க்கத்தான். இறகு உதிர்க்கும் பருவத்திலோ, இரண்டு மூன்று வாரம் நீரில் இறங்க இயலாமல் பட்டினியாய்க் கரையிலேயே கிடக்கும் பறவைக்கு, மனிதரின் ஆவலிலிருந்து தப்பி ஓடவும் இடமில்லை. கண்ணாரக் கண்டால்தான் கருணை பிறக்கும் என்பாரும் உளர். அந்தக் கருணைக்குப் படம் ஒன்றும் அவசியமில்லை.

2003-இல் தீக்கிரையான மண்டபத்தைப் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினார்கள். 2024-இல் பாலத்தையே புதிதாக அமைத்தார்கள். கலைந்துபோன பறவைக்குடியை அவ்விதம் திரும்பக் கட்டும் சிற்பி எவருமில்லை. ஆதலின், சரித்திரச் சின்னத்தைப் பாதுகாக்கப் புறப்பட்டவர்கள் அக்கல்லணையின் இருளையும் அதன் ஓர் அங்கமாகக் கொண்டு, பொழுது சாய்ந்தபின் அங்கே வெள்ளொளி படாதவாறு வேலியாலும் விதியாலும் காக்கக் கடமைப்பட்டவர்கள். கைபேசியைப் பையில் வைத்துக்கொள்வது பிரயாணியின் கடமை.