நகரத் திட்டத்தில் நம் வயலும் உண்டு

நகரத்தை ஒட்டிய கிராமங்களில் பல விவசாயிகள், வயலோரத்தில் ஒரு வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் முதன்முதலாக அந்தச் செய்தியைக் கேள்விப்படுகிறார்கள். "உங்கள் சர்வே எண் தொழிற்சாலைப் பகுதியில் வருகிறது" என்றோ, "இந்த வழியாக அகலச் சாலை வர இருக்கிறது" என்றோ பதில் கிடைக்கிறது. எப்போது முடிவு செய்தார்கள் என்று விசாரித்தால், அறிவிப்பு வெளியாகி, ஆட்சேபணைக்கான கெடு முடிந்து, அரசு ஒப்புதலும் ஆகிச் சில ஆண்டுகள் கடந்துவிட்டன என்று தெரிகிறது. ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் ஊரின் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. சட்டமே அந்த வழியைத் தந்திருக்கிறது. ஆனால், உரிய காலத்தில் ஊர் கூடிச் செய்தால்தான் பலன் உண்டு.

முழுமைத் திட்டம் என்பது என்ன?

ஒரு நகரமும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் வருங்காலத்தில் எப்படி வளர வேண்டும் என்று வரைபடத்தில் குறிப்பதே முழுமைத் திட்டம். தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இது தயாராகிறது. குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று ஒவ்வொரு சர்வே எண்ணும் ஒரு வகையில் சேர்க்கப்படுகிறது. சாலைகளும் குறிக்கப்படுகின்றன.

இது நகரவாசிகளின் சங்கதி, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. சென்னைப் பெருநகர எல்லை முன்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-ல் அது 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அரக்கோணம் வட்டாரத்து நெல் வயல்கள்கூட அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டன. நகரம் நம்மைத் தேடி வருகிறது.

இரண்டு மாத அவகாசம்

வரைவுத் திட்டம் தயாரானதும், சட்டத்தின் 26-வது பிரிவின்படி அரசிதழிலும் முக்கிய நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். வரைபடத்தை எங்கே பார்வையிடலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் வரை, எவர் வேண்டுமானாலும் ஆட்சேபணையோ ஆலோசனையோ எழுதிக் கொடுக்கலாம். நேரில் சொல்ல வாய்ப்புக் கேட்டவர்களை அழைத்து விசாரித்த பிறகே திட்டத்தைத் திருத்தி முடிக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நேரில் சொல்லும் வாய்ப்பு, கேட்டவர்களுக்கே உண்டு. ஆகவே மனுவின் கடைசியில், "எங்களை நேரில் அழைத்து விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு வரி மறக்காமல் எழுத வேண்டும்.

தனி மனுவை விட ஊர் மனு

ஒரு விவசாயி தன் ஒன்றரை ஏக்கரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அவர் வயலுக்குத் தண்ணீர் வரும் கிளை வாய்க்கால் மேலே பத்துப் பேர் நிலத்தைத் தாண்டி வருகிறது. அந்த நிலங்கள் மனைகளாகி வாய்க்கால் தூர்ந்தால், விவசாய வகையில் இருக்கும் அவர் வயல் தரிசாகத்தான் கிடக்கும். கீழே வடிகால் அடைபட்டால், ஒரு மழைக்கே பயிர் அழுகும். ஏரிப் பாசனம் கூட்டுச் சொத்து. அதற்கான மனுவும் கூட்டு மனுவாக இருப்பதே முறை.

வரைபடம் வரைபவர்களுக்கு ஏரி தெரியும். ஆனால் இரண்டடி வாய்க்காலும், கலிங்கல் வழிந்தால் தண்ணீர் எந்தத் தாழ்வில் ஓடும் என்பதும் தெரியாமல் போகலாம். மழை பொய்த்த ஆண்டில் பயிரில்லாமல் கிடந்த நஞ்சை, அவர்கள் கண்ணுக்கு வெறும் தரிசாகப் படலாம். இந்த விவரங்களெல்லாம் ஊர்ப் பெரியவர்களிடமும் நீர் பாய்ச்சுபவர்களிடமும்தான் இருக்கின்றன.

கோவா காட்டிய வழி

ஊர் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. கோவாவில் 2006-ஆம் ஆண்டு மாநிலம் முழுவதற்கும் ஒரு நிலப் பயன்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வயல்களும் மலைச்சரிவுகளும் கட்டடப் பகுதிகளாக மாறியிருப்பதை வரைபடத்தில் கண்டு கிராம மக்கள் கொதித்தார்கள். "கோவா பச்சாவ் அபியான்" என்ற அமைப்பின் கீழ்ப் பல குழுக்கள் ஒன்று சேர்ந்தன. 2007 தொடக்கத்தில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

பிறகு கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா போன்றோர் இடம்பெற்ற குழு புதிய வரைவைத் தயாரித்தது. 2008-ல் அது வெளியானபோது, வரைபடங்கள் ஊராட்சிகளுக்கே அனுப்பப்பட்டன. மக்கள் தம் ஊர்ப் படத்தைப் பார்த்துத் திருத்தம் சொன்னார்கள். நெல் வயல்களும், உப்புநீர் புகாமல் கரை கட்டிக் காத்த கஜான் நிலங்களும் கட்டடம் கூடாத முதல் வகைப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2012-ல் வந்த புதிய அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. பிறகு நிலங்களை வகை மாற்றச் சட்டத் திருத்தங்கள் வந்தன; மறுபடி போராட்டங்களும் வழக்குகளும் தொடர்ந்தன. ஒருமுறை வென்றால் போதாது, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

ஊர் செய்ய வேண்டியவை

1. அறிவிப்பு வரும் வரை காத்திராமல், உங்கள் கிராமம் எந்தத் திட்டக் குழும எல்லையில் உள்ளது என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு அறியவும்.

2. கிராம வரைபடத்தின் நகலை வாங்கி, அதில் ஏரி, வரத்து வாய்க்கால், மதகு, கலிங்கல், வடிகால், மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப் பாதை ஆகியவற்றை நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தாருடன் நடந்து பார்த்துக் குறிக்கவும்.

3. சர்வே எண் வாரியாகப் பட்டியல் தயாரிக்கவும். நஞ்சையா புஞ்சையா, என்ன பாசனம், என்ன சாகுபடி என்பதற்கு அடங்கல் நகல் இணைக்கவும். "விவசாயம் அழிகிறது" என்ற பொதுப் புகாரை விட, "இந்த எண் வழியாக இத்தனை ஏக்கருக்கு நீர் பாய்கிறது" என்ற ஒரு வரிக்கு வலு அதிகம்.

4. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றவும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. கெடுவுக்குள் இந்த நாட்கள் வராவிட்டால் சிறப்புக் கூட்டம் கேட்கலாம்.

5. மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பவும், அல்லது நேரில் கொடுத்து ரசீது பெறவும்.

ஊருக்குள் முதலில் பேசுங்கள்

மனம் விட்டுப் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விவசாயப் பகுதி என்று குறித்தால் நில விலை ஏறாது என்று சிலர் அஞ்சுவார்கள். மகள் திருமணத்துக்கோ கடனை அடைக்கவோ ஒரு துண்டு நிலத்தை விற்க நினைப்பவரைக் குறை சொல்வதற்கில்லை. குத்தகைக்குப் பயிரிடுபவருக்கும், கூலிக்குப் போகும் பெண்களுக்கும் கவலை வேறாக இருக்கும். எல்லாரையும் கூட்டிப் பேச வேண்டும். ஊர் வளர இடம் வேண்டும் என்பதும் உண்மை. அதற்கு ஏரி ஆயக்கட்டு நஞ்சையை விட்டு, மேட்டுப் புஞ்சைப் பக்கம் இடம் காட்டலாம். மறுப்பதோடு நில்லாமல் மாற்று இடமும் சொல்லும் மனுவை அதிகாரிகளால் எளிதில் தள்ள முடியாது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதிக் கொடுத்த ஆட்சேபணைக்குப் பதிவு உண்டு. நாளை நீதிமன்றம் போக நேர்ந்தாலும் அது கைகொடுக்கும். வாய்க்கால் முறையை ஊர் கூடி வகுத்தவர்கள் நாம். வரைபடத்தையும் ஊர் கூடியே பார்ப்போம்.